கல்லில் பட்ட தும்புத்தடி

முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் படத்துக்காக என் சொந்த அண்ணன் குடும்பத்தோடு நான் முறுக்கிக்கொண்டேன். அவள் ஒரு சினிமா நடிகை என்றால் எங்கள் ஆட்கள் விளங்கிக்கொண்டிருப்பார்கள். அவளோ பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கவிட்டு, அதற்கு முன்னால் தும்புத்தடியால், அதுதான் நீளக் கோல் வைத்த துடைப்பத்தால், தேய்த்து, உலக சாம்பியன் ஆனவள். அவளுடைய பெயரையும் நாட்டையும் நான் எழுதப்போவதில்லை. அவளுடையதை எழுதினால் என் வீட்டாருடையதையும் எழுத வேண்டிவரும். அதற்குப் பிறகு லண்டனில் எங்கள் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் நான் நிம்மதியாக மீன் வாங்கப் போக முடியாது.

அவளை முதலில் கண்டது பஸ்ஸில். குரோய்டனில் விடியற்காலை ஷிப்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற நேரம். கால் இரண்டும் கடுத்தன. போனைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு வீடியோ வந்து நின்றது. ஒரு பெண் முழங்காலை மடித்துச் சறுக்கிக்கொண்டு போய், தேத்தண்ணீர்க் கேத்தல்போல் பிடி வைத்த பெரிய கருங்கல் ஒன்றைப் பனிக்கட்டியில் மெல்ல விடுகிறாள். அது தன்பாட்டில் போகிறது. இரண்டு பெண்கள் கூடவே ஓடி, கல்லுக்கு முன்னால் தரையைத் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். கல்லை விட்டவள் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

இரண்டாம் தரம் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாகத் தரை துடைக்கிற மொப் பிடித்த கை என்னுடையது. இடப் பக்கம் தேய்த்தவள்தான் அவள்; முழங்கையால் தேய்க்கவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் தோளால் இறக்கிக் கோலின் நுனிக்கு அனுப்பினாள். இது சும்மா வராது. எனக்கு இது பிடிபட நாலு வருடம் எடுத்தது, அதுவும் முதுகு போன பிறகு. இந்த விளையாட்டுக்குப் பெயர் கேர்லிங் என்று வீட்டுக்காரர் தேடிச் சொன்னார். அந்தக் கல் ஒரு மூட்டை அரிசியின் பாரம் என்றும், தேய்த்தால் பனி ஒரு துளி இளகிக் கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகப் போகும் என்றும் அவர்தான் வாசித்துக் காட்டினார். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அத்தனை கத்தலும்.

வீடியோவுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். எந்தப் பாஷையில் பார்த்தாலும் ஒரே பகிடிதான். ‘என் அம்மா இதைத் தினமும் செய்கிறாள், அவளுடைய பதக்கம் எங்கே?’ ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதக்கம் எங்கே என்று கேட்கிற பிள்ளைகளே, கொடுக்க வேண்டியதுதானே? அதை எழுதியவர்களில் ஒருவராவது எழுந்துபோய் அம்மாவின் கையிலிருந்து தும்புத்தடியை வாங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அதோடு அவளைத் தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவளாம். விளையாட்டை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு பனிக்காலமும் அவள் திரும்பி வந்துவிடுகிறாள். அவளுக்குப் பிறகு எத்தனையோ பேர் சாம்பியன் ஆனார்கள். அவர்களை ஒருவரும் தேடுவதில்லை. இவளுடைய இரண்டு துண்டுகள் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று படம்: முகம் சிவந்து, வாய் ஆவென்று திறந்து, தும்புத்தடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். அதில் ஆளாளுக்குத் தங்கள் வசனத்தை எழுதி அனுப்புகிறார்கள். மற்றது அரை நிமிட வீடியோ. அதுதான் என்னைப் பிடித்தது.

அந்த அரை நிமிடத்தில் நடப்பது இதுதான். அவளுடைய அணியின் கல் போய்க்கொண்டிருக்கிறது. அவள் தேய்க்கிறாள். கல் போய் நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அவள் மட்டும் நிமிர்ந்து, வலக்கையைத் தோளளவுக்கு உயர்த்துகிறாள். தேய்த்த நேரம் அவளுடைய தும்புத்தடி கல்லில் பட்டுவிட்டது. பட்டால் அந்தக் கல் செல்லாது. எதிரணி காணவில்லை, நடுவர் காணவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது: பட்டவரேதான் சொல்ல வேண்டும், இன்னொருவர் விரல் நீட்டக் காத்திருக்கக் கூடாது. அவள் சொன்னாள். கல்லை எடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். உலகக் கிண்ணம் அவள் கைக்கு வந்தது அதற்கும் சில வருடங்கள் கழித்துத்தான். ஏன் கையைத் தூக்கினாய் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “தட்டினது நான். எனக்குத் தெரியும்தானே.”

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் எங்கள் மாதா கோவில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. ‘மனுசன் பிந்தி வீட்டுக்கு வந்தால்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஐம்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் யார், எப்படிக் கையைத் தூக்கினாள் என்று மூன்று நிமிடம் குரல் பதிவு செய்து போட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு பெருவிரல் வந்தது, அதுவும் என் வீட்டுக்காரருடையது. சரி, குழுவில் வேண்டாம் என்று அந்தப் படத்தை என் பெயருக்குப் பக்கத்தில் வருகிற படமாகப் போட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை அது. அதற்கு முதல் நாள் பின்னேரம் அண்ணனின் மனைவியோடு, அதாவது மச்சாளோடு, எனக்குச் சின்னதாக ஒரு வாய்க்கதை நடந்திருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அண்ணன் குடும்பம் சட்டன் என்கிற ஊரில் இருக்கிறது. அவருக்கு ஒரே மகள். எனக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் எனக்கும் அவள்தான் ஒரே பிள்ளை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பகுதி பாரிசில் இருக்கிற ஆட்கள். முதல் நாள் கதை, கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சிக் குழம்புக் கறியா, வற்றவிட்ட பிரட்டலா என்பதைப் பற்றியது. நான் பிரட்டல் என்றேன், மச்சாள் கறி என்றா. போனை வைத்த விதம் இரண்டு பக்கமும் சரியில்லை. மறுநாள் விடிய அவ போனைத் திறந்தால், நான் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிற ஒருத்தியின் படத்தைப் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற எந்தப் படமும் சும்மா வருவதில்லை. ரோசாப்பூ போட்டாலும் யாருக்கோ குத்திக்காட்டத்தான் போடுகிறோம். அதிலும் தும்புத்தடி. செருப்புக்கு அடுத்தபடி அதைத்தான் காட்டக் கூடாது. ஏழு மணிக்கே போன் அடித்தது.

“என்ன மச்சாள், விடிய வெள்ளன தும்புத்தடி காட்டியிருக்கிறியள்?”

“ஐயோ மச்சாள், அது ஒரு விளையாட்டுக்காரி. உங்களுக்குப் போடேல்லை.”

“நேற்றுக் கதைச்சுப்போட்டு இண்டைக்குப் போட்டால் நான் வேறை ஆருக்கெண்டு நினைக்கிறது?”

அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கல், பனிக்கட்டி, கையைத் தூக்கினது எல்லாம் சொன்னேன். கோபம் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது.

“சரி, எனக்கில்லையெண்டு வைப்பம். பாரிஸ் ஆக்கள் கலியாணக் குறூப்பில இருக்கினம். உங்கட படத்தை அவையளும் பாக்கினம்தானே. தும்புத்தடியோட நிண்டால் என்ன நினைப்பினம்? நாங்கள் உங்களை ஒஃபிசில எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறம்.”

அதுதான் சங்கதி. நான் துப்புரவு வேலை செய்வது அண்ணனுக்கும் மச்சாளுக்கும் தெரியும். வெளியே தெரியாது. குரோய்டனில் விசா விஷயமெல்லாம் பார்த்த அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தில் நான் ஏதோ மேசையில் இருந்து வேலை செய்வதாகவே கோவில் ஆட்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் ஆட்களுக்கும் அதுவே போயிருந்தது.

பின்னேரம் அண்ணனும் எடுத்தார். அவர் குரல் உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவரை எதிர்த்துப் பேச முடியாது.

“பிள்ளையின்ர கலியாணம் முடியுமட்டும் அந்தப் படத்தை எடுத்துவிடன். பிறகு நீ என்ன வேணுமெண்டாலும் போடு.”

“ஓம் அண்ணை,” என்றேன். எடுத்துவிட்டு மடு மாதாவின் படத்தைப் போட்டேன். அதற்கு மட்டும் ஐந்து பேர் இதயம் அனுப்பினார்கள்.

மடு மாதா இரண்டு நாள் இருந்தா. மூன்றாம் நாள் நான் வேலையில் ஐந்தாம் மாடி நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையது ஏழு மாடிக் கட்டடம். அந்தப் பெரிய கட்டடமும் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற ஒன்று. கோட்டுப் போட்ட ஒருவர் ஈரத்தில் மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அடுத்த அடியையும் ஈரத்திலேயே வைத்துப் போனார். அவருடைய சப்பாத்து அடையாளத்தை மறுபடியும் துடைக்கும்போது எனக்கு மச்சாளின் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் உழைத்துச் சாப்பிடுகிறேன். இதை மறைக்க இவர்கள் யார்? மனதுக்குள் அவவோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டே ஒரு மாடியை முடித்தேன்.

ஆறாம் மாடிக்குப் போகும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பொய்யைத் தொடக்கியது மச்சாள் இல்லை. இந்த வேலை கிடைத்த முதல் மாதம், ஞாயிறு பூசை முடிந்து கோவில் படியில் நின்றபோது ஒரு மனுஷி கேட்டா, எங்கே வேலை என்று. நான் சொன்னேன், “குரோய்டனில, ஒரு ஒஃபிசில.” அது பொய் இல்லை, ஒஃபிசில்தான் வேலை. அவ கண்ணை விரித்து, “அந்தப் பெரிய பில்டிங்கிலயோ?” என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் என் தும்புத்தடி கல்லில் பட்ட இடம். ஒருவரும் காணவில்லை. கல் நல்ல இடத்தில் போய் நின்றது. அடுத்த ஞாயிறே ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கினார்கள். பதினெட்டு வருடம் அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை, பாவமென்றே தோன்றாதபடியால். அண்ணனும் மச்சாளும் நான் வைத்த கல்லைக் காவல் காத்ததைத் தவிர வேறு என்ன செய்தார்கள்?

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு கூடவே ஒரு வீம்பும் வந்தது. மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த நடையிலேயே நின்று, சாம்பியனின் படத்தைத் திரும்பவும் போட்டேன். மாதாவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்த முறை மச்சாள் கத்தவில்லை. “உங்கட விருப்பம், மச்சாள். அப்ப வாசலில பன்னீர்ச்செம்போட என்ர தங்கச்சி நிக்கட்டும்,” என்றா.

அது எனக்கு எங்கே வலிக்கும் என்று அவவுக்கு நன்றாகவே தெரியும். மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளை பகுதிக்குப் பன்னீர் தெளித்து வரவேற்பது என்று எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெண்ணின் மாமி நான் ஒருத்திதான். அந்த வாசல் என்னுடையது. இதற்கென்று அரக்குக் கரை வைத்த பச்சைக் காஞ்சிபுரம் எடுத்து வைத்திருந்தேன். படத்தை எடுத்துவிட்டால் வாசல் திரும்பக் கிடைக்கும் என்று மச்சாள் சொல்லாமல் சொன்னா. நான் எடுக்கவில்லை. கல்யாணம் வரை இருந்த மூன்று கிழமையும் சட்டனிலிருந்து எனக்கு ஒரு போனும் வரவில்லை. அழுதேன்தான். வெங்காயம் வெட்டும்போது அழுதேன், வீட்டுக்காரர் காணாதபடி. படத்தை மட்டும் எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று நல்ல மழை. கோவிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு முதலில் வந்துவிட்டோம். நானும் வாசலடிக்கே போனேன். ஒரு பக்கம் மச்சாளின் தங்கச்சி வெள்ளிச் செம்போடு நின்றா, மற்றப் பக்கம் நான் வெறுங்கையோடு நின்றேன். போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாசலுக்கு உள்ளே வழுவழுவென்று மினுங்குகிற தரை. ஆட்கள் கொண்டுவந்த மழைத்தண்ணீர், அதற்கு மேலே தாராளமாகத் தெளித்த பன்னீர். கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது, இது ஆளை விழுத்தும் என்று. ஒருவர் சறுக்கிச் சுவரைப் பிடித்தார். கார்கள் வந்து நின்றன. மாப்பிள்ளையின் வீட்டார் இறங்கினார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊன்றி நடக்கிற பொல்லோடு அவவின் வயதான தகப்பன்.

பக்கத்துச் சின்ன அறைக் கதவைத் திறந்தேன். எந்த மண்டபத்திலும் மொப் எங்கே இருக்கும் என்று என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்தக் கிழவர் காலைத் தூக்குகிறார்.

“நில்லுங்கோ. அப்படியே நில்லுங்கோ. கால் வையாதேங்கோ.”

எனக்கே தெரியாது எனக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று. பாரிஸ் ஆட்கள் அத்தனை பேரும் மழையில் நின்றுவிட்டார்கள். அப்பால் நின்ற மேளம் நின்றது. தோளால் பாரத்தை இறக்கி வாசலை நீளவாக்கில் ஒன்று, குறுக்காக ஒன்று, பிறகு பிழிந்துவிட்டு மறுபடியும் ஒன்று என்று துடைத்தேன். பட்டுச் சேலையின் கரை நனைந்தது. மச்சாள் மண்டபத்தின் நடுவில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. முடித்து, கையால் தடவிப் பார்த்து, “இப்ப வாங்கோ,” என்றேன்.

கிழவர் வந்தார். பொல்லு சறுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தையும் மொப்பையும் மாறி மாறிப் பார்த்தா.

“நீங்கள்தானே குரோய்டனில கவண்மென்ட் ஒஃபிசில இருக்கிற மாமி?”

அண்ணன் பக்கத்தில் வந்துவிட்டார். பதில் சொல்ல வாய் எடுத்தார். நான் மொப்பை இடக்கைக்கு மாற்றி, வலக்கையைத் தோளளவுக்கு உயர்த்தினேன். அவள் உயர்த்தியது போலவே. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

“இல்லை. நான் அங்க துப்புரவு வேலை. அந்தப் பில்டிங்கும் இல்லை, பின்னால இருக்கிறது. ஒஃபிஸ் எண்டு முதல் சொன்னது நான்தான். இவையள் இல்லை.”

அவ “அப்படியோ,” என்றா. நான் துடைத்து வைத்த தரையில் மெல்ல நடந்து உள்ளே போனா. இன்றுவரை அவ என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரம் அவரே ஒரு தட்டு கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். ஆட்டிறைச்சி கறியாகத்தான் இருந்தது. “நனைஞ்சுபோனாய், சூடாச் சாப்பிடு,” என்றார்.

யாரோ அந்த வாசல் காட்சியைப் போனில் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் அது கோவில் குழுவுக்கு வந்து, அங்கிருந்து பாரிசுக்குப் போய், கனடாவில் இருக்கிற சித்தி மகள் வரைக்கும் போய்விட்டது. ‘லண்டன் மாமியின் வரவேற்பு’ என்று எழுதிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கோவிலில் தலையாட்டல் குறைந்ததும் உண்மை. ஆனால் போன ஞாயிறு, எனக்கு இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால் எப்போதும் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷி பூசை முடிந்ததும் பின்னால் வந்து, தானும் ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடம் துடைப்பதாக மெதுவாகச் சொன்னா. பன்னிரண்டு வருடமாகவாம். நானும் அவவும் இத்தனை வருடமும் ஒருவருக்கொருவர் ஒஃபிஸ் ஆட்களாகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நேற்று மச்சாள் போன் எடுத்தா, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தரமாக.

“மச்சாள், பிள்ளையின்ர வாட்ஸ்அப் படம் பாத்தனீங்களோ?”

அவ சொன்ன பிறகுதான் பார்த்தேன். மணக்கோலத்தில் மாப்பிள்ளையோடு நிற்கிற படம் இருந்த இடத்தில் நான் நிற்கிறேன். பச்சைக் காஞ்சிபுரம், முகம் சிவந்து, வாய் ஆவென்று திறந்து, மொப் தலைக்கு மேலே. எப்போது அதை அவ்வளவு உயரம் தூக்கினேன் என்று எனக்கு நினைவே இல்லை.

“எடுக்கச் சொன்னன், ஏலாதெண்டிட்டாள். ‘மை மாமி, மை பிக்சர்’ எண்டு சொல்லுறாள். நீங்கள் சொன்னால் கேப்பாள். சொல்லுங்கோவன்.”

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடித்திருந்த பிடி சரியாகத்தான் இருந்தது, பாரம் தோளில்.

“ஏலாது மச்சாள்,” என்றேன். “இந்த முறை தட்டினது நானில்லை.”